எருசலேமின் தவக்கால வகுப்பு: நம்பிக்கையும் செபமும் பாட்டும் ஒன்றாய்க் கற்பிக்கப்பட்ட விதம்

பெரியவர்களுக்கென்று வகுப்பு நடத்தும் ஆலயங்களில் மறைக்கல்வி ஒரு நாள், செபக்கூட்டம் வேறொரு நாள், பாடகர் குழுவின் பயிற்சி இன்னொரு நாள் என்று மூன்றும் தனித்தனியே நடப்பதைப் பார்க்கிறோம். நடத்துகிறவரும் வேறு, வருகிறவர்களும் வேறு. மறைக்கல்விக்கு வருகிறவர் பாடுவதில்லை. பாடுகிறவரிடம் பாட்டின் பொருளை யாரும் கேட்பதில்லை. இந்தப் பிரிவினை இல்லாமலும் கற்பிக்க முடியும் என்பதற்குத் தெளிவான சான்று நான்காம் நூற்றாண்டு எருசலேமிலிருந்து வருகிறது. அங்கே ஒரே ஆலய வளாகத்தில், ஒரே கூட்டத்தாருக்கு, மூன்றும் ஒரே பயிற்சியாகக் கிடைத்தன. அது எப்படி நடந்தது, ஏன் பலன் தந்தது, எங்கே சறுக்கியது என்பதையே இங்கு ஆராய்கிறேன்.

இரண்டு சாட்சிகள்

பழங்காலத்து வகுப்பு ஒன்றைப் பற்றி ஆசிரியரின் சொற்களும், வெளியிலிருந்து வந்து பார்த்தவரின் குறிப்பும் சேர்ந்து கிடைப்பது அரிது. எருசலேமுக்கு அந்தப் பேறு வாய்த்திருக்கிறது.

ஆசிரியர் ஆயர் சிரில். ஏறத்தாழ 350-ஆம் ஆண்டில், திருமுழுக்குப் பெறத் தயாராகிக்கொண்டிருந்த பெரியவர்களுக்கு அவர் ஆற்றிய ஒரு முன்னுரையும் 18 உரைகளும் எழுத்தில் நிலைத்துள்ளன. திருமுழுக்குக்குப் பின் ஆற்றப்பட்ட ஐந்து உரைகளும் அவற்றோடு சேர்ந்து வந்திருக்கின்றன. அந்த ஐந்தும் சிரிலுக்குப் பின் ஆயரான யோவானுடையவை என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. யாருடையவை ஆனாலும் எருசலேமின் வழக்கத்தைத்தான் அவை காட்டுகின்றன.

பார்வையாளர் எகேரியா என்ற பெண். மேற்கிலிருந்து புறப்பட்டு 381 முதல் 384 வரை கிழக்கு நாடுகளில் திருப்பயணம் செய்தவர். ஊரிலிருந்த தம் சகோதரிகளுக்காகக் கண்டதையெல்லாம் இலத்தீனில் எழுதினார். பல நூற்றாண்டுகள் மறைந்திருந்த அந்த எழுத்து 1884-இல் இத்தாலியின் அரெட்சோ நகரில் ஒரு கைப்பிரதியில் கண்டெடுக்கப்பட்டது. அதன் தொடக்கமும் முடிவும் கிடைக்கவில்லை. எருசலேம் ஆயரின் பெயரை எகேரியா சொல்லவில்லை என்றாலும், காலக்கணக்கின்படி அவர் சிரிலாகத்தான் இருக்க வேண்டும். ஆக, ஒரே வகுப்பை அதன் தொடக்கக் காலத்திலும் முப்பது ஆண்டுகள் கழித்தும் நம்மால் பார்க்க முடிகிறது.

வகுப்பு நடந்த இடம், பேரரசர் கான்ஸ்டன்டைன் கட்டுவித்து 335-இல் அர்ப்பணிக்கப்பட்ட வளாகம். மார்ட்டீரியம் எனப்பட்ட பெரிய ஆலயம், அதையொட்டி இயேசு சிலுவையில் அறையப்பட்ட கொல்கொதா, அப்பால் அவருடைய கல்லறைக் குகையைச் சுற்றி எழுந்த உயிர்ப்பு ஆலயம். சிலுவைச் சாவைப் பற்றிப் பேசும்போது சிரில், நாம் கூடியிருக்கும் இடத்துக்கு அருகிலுள்ள இந்தக் கொல்கொதாவே சாட்சி என்கிறார். மற்றவர்கள் கேட்கத்தான் முடியும், நாமோ கண்ணால் காணவும் கையால் தொடவும் முடியும் என்று பெருமிதத்தோடு சொல்கிறார். இந்த வாய்ப்பு வேறெந்த ஊருக்கும் கிடையாது. ஆனால் வகுப்பின் பலன் முழுவதையும் இடத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. வேறு ஊர்களிலும் செல்லுபடியாகும் கூறுகள்தான் அதில் அதிகம்.

பெயர் கொடுத்தல்

உயிர்ப்பு விழாவுக்கு முன் வரும் தவக்காலம் எருசலேமில் எட்டு வாரம். அது தொடங்குவதற்கு முந்தைய நாள், திருமுழுக்கு வேண்டுவோர் பெயர் கொடுக்க வேண்டும். குரு ஒருவர் குறித்துக்கொள்வார். மறுநாள் மார்ட்டீரியத்தின் நடுவில் ஆயரின் இருக்கை போடப்படும். இருபுறமும் குருக்கள் அமர்ந்திருக்க, ஒவ்வொருவராக அழைத்துவரப்படுவார்கள்: ஆண்கள் ஞானத்தந்தையோடு, பெண்கள் ஞானத்தாயோடு. ஆயர் கேள்வி கேட்பது வந்தவரிடம் அல்ல, அவருடைய அண்டை வீட்டாரிடம். இவர் நல்லவரா? பெற்றோரை மதிக்கிறாரா? குடிகாரரா? பொய் பேசுகிறவரா? குறை இல்லையென்றால் ஆயர் தம் கையாலேயே பெயரை எழுதுவார். குறை இருந்தால், போய்த் திருத்திக்கொண்டு வரட்டும் என்று அனுப்பிவிடுவார்.

இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட அறிவைப் பற்றியதல்ல. வாசிக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. மறைநூல் எவ்வளவு தெரியும் என்றும் கேட்கவில்லை.

நோக்கத்தைக்கூட அவர்கள் கறாராகச் சோதித்ததாகத் தெரியவில்லை. முன்னுரையில் சிரில் வெளிப்படையாகவே பேசுகிறார். ஒரு பெண்ணின் மனதைக் கவர வந்த ஆண் இருக்கலாம், ஓர் ஆணுக்காக வந்த பெண் இருக்கலாம், எசமானனைத் திருப்திப்படுத்த வந்த அடிமை இருக்கலாம், நண்பனுக்காக வந்த நண்பன் இருக்கலாம். எப்படியோ வலையில் விழுந்துவிட்டாய், இனி தப்பியோடாதே, இதுவே உனக்கு மீட்பாகட்டும் என்பது அவர் நிலை. பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கும் எவரும் இந்த முன்னுரையைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். திருமணத்துக்காக வந்தவர், துணைக்கு வந்தவர் என்று சிலரை ஓரங்கட்டும் பழக்கத்துக்கு அது அன்போடு சொல்லும் பதில்.

மூன்று மணி நேரம்

விடியற்கால வழிபாடு முடிந்ததும் பெயர் கொடுத்தவர்கள் மீது பேயோட்டும் செபங்கள் சொல்லப்படும். பிறகு மார்ட்டீரியத்தில் ஆயரைச் சுற்றி அவர்கள் உட்கார, ஞானப்பெற்றோர் அருகில் நிற்பார்கள். ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவர்களும் விரும்பினால் வந்து அமரலாம். கிறிஸ்தவராக விரும்பியும் இன்னும் பெயர் கொடுக்காத புகுமுகநிலையினருக்கு மட்டும் அனுமதி இல்லை. வகுப்பு நாள்தோறும் மூன்று மணி நேரம், காலை ஒன்பது மணிவாக்கில் முடியும். ஏழு வாரங்கள் இப்படி. எட்டாவது வாரம் புனித வாரம். வழிபாடுகளின் நெருக்கத்தில் கற்பிக்க நேரம் இருக்காது.

பாடம் தொடக்கநூலிலிருந்து புறப்பட்டு மறைநூல் முழுவதையும் தொடும். முதலில் நேர்ப்பொருள், அடுத்து ஆன்மிகப் பொருள். ஆயர் ஆலயத்தில் மறையுரை ஆற்றும்போது எழுவதைவிட இந்த வகுப்பில் எழும் குரல்கள் பலமானவை என்று எகேரியா தம் சகோதரிகளிடம் கடவுள் சாட்சியாகச் சொல்கிறார். பலமுறை கேட்டிருக்கக்கூடிய பழைய கிறிஸ்தவர்கள் விடியற்காலையில் வந்து உட்கார்ந்து, விளக்கம் புரிந்ததும் குரலெழுப்பியிருக்கிறார்கள். புதியவர்களுக்கான வகுப்பு பழையவர்களுக்கும் கல்வியாக இருந்தது. இன்று ஞானப்பெற்றோர் சடங்கு நாளில் மட்டும் தலைகாட்டும் நிலையோடு ஒப்பிட்டால், இந்த ஓர் ஏற்பாட்டின் இழப்பே பெரிய இழப்பு.

உட்காருவதும் சிறிய விஷயமல்ல. ஏறத்தாழ 400-ஆம் ஆண்டில், கற்பித்துக் கற்பித்துச் சலித்துப்போன கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் ஒருவருக்கு ஆயர் அகுஸ்தீன் எழுதிய அறிவுரையில், கேட்பவர் களைத்துவிட்டால் இருக்கை கொடுங்கள், முடிந்தால் தொடக்கத்திலேயே உட்கார வையுங்கள், கடல்கடந்த சில திருச்சபைகளில் மக்களுக்கும் இருக்கை இருக்கிறது என்று குறிப்பிடுகிறார். வட ஆப்பிரிக்காவில் மக்கள் நின்றுகொண்டே கேட்ட காலம் அது.

எழுதாதே, மனதில் வை

வகுப்பின் உயிர்நாடி நம்பிக்கை அறிக்கை. சிரில் தம் ஐந்தாம் உரையில் காரணத்தைச் சொல்கிறார்: எல்லோராலும் மறைநூலை வாசிக்க இயலாது; சிலருக்குக் கல்வி இல்லை, சிலருக்கு நேரம் இல்லை. அதனால் நம்பிக்கை முழுவதையும் சில வரிகளில் அடக்கித் தருகிறோம். நான் சொல்லும்போது கேட்டு மனப்பாடம் செய்யுங்கள். தாளில் எழுத வேண்டாம், நெஞ்சில் பொறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டளைக்கு உரையைப் பதிவு செய்தவர்களும் கட்டுப்பட்டிருக்கிறார்கள். அறிக்கையின் வாசகம் அந்த இடத்தில் எழுதப்படவே இல்லை. பின்வரும் உரைகள் ஒவ்வொரு தொடராக விளக்குவதை வைத்துத்தான் எருசலேமின் நம்பிக்கை அறிக்கையை ஆய்வாளர்கள் மீட்டெடுத்தார்கள்.

சிரிலின் பாட வரிசையும் கவனிக்கத்தக்கது. முதல் மூன்று உரைகள் தயாரிப்பு, மனமாற்றம், திருமுழுக்கு பற்றியவை. நான்காம் உரை முழு நம்பிக்கையையும் பத்துத் தலைப்புகளில் ஒரே மூச்சில் காட்டிவிடுகிறது. ஐந்தாவதில் அறிக்கை கையளிக்கப்படுகிறது. ஆறு முதல் பதினெட்டு வரை அதற்கே விளக்கம். மனப்பாடம் முதலில், விளக்கம் பிறகு. எகேரியாவின் காலத்தில் ஐந்து வாரம் மறைநூல் விளக்கம் முடிந்த பிறகே அறிக்கை கொடுக்கப்பட்டது. இரண்டில் சிரிலின் வரிசையே பெரியவர்களுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. வேலைக்குப் போகும்போதும் வீட்டில் இருக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகிய வரிக்கு விளக்கம் கிடைக்கும்போது, அந்த விளக்கம் போய் ஒட்டிக்கொள்ள ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது.

ஏழாம் வாரத்தின் முடிவில் ஒப்புவித்தல். ஆலயத்தின் உட்பகுதியில், பீடத்துக்குப் பின்னால் ஆயர் அமர்ந்திருப்பார். ஆண்கள் ஞானத்தந்தையோடும் பெண்கள் ஞானத்தாயோடும் ஒவ்வொருவராக வந்து அறிக்கையைச் சொல்ல வேண்டும். ரோமில் இது மக்கள் முன்னிலையில் ஓர் உயர்ந்த இடத்தில் நின்று செய்யப்பட்டது. புகழ்பெற்ற சொற்பொழிவாளர் விக்டோரினுஸ் முதுமையில் கிறிஸ்தவரானபோது, கூச்சப்படுவோருக்கு வழங்கும் சலுகைப்படி தனியறையில் ஒப்புவிக்கலாம் என்று குருக்கள் சொன்னார்கள். அவர் மறுத்து, எல்லோர் முன்னிலையிலும் சொன்னார் என்று அகுஸ்தீன் எழுதுகிறார். சலுகை இருந்தது என்பதும் முக்கியம். கூச்சம் பெரியவர்களின் கல்வியில் உண்மையான தடை என்பதை அன்றே அறிந்திருந்தார்கள்.

பாட்டுக்கு வகுப்பு இல்லை, ஆனால் கற்றார்கள்

இந்த ஏழு வாரத் திட்டத்தில் இசைப்பயிற்சி என்று தனியாக எதுவும் இல்லை. ஆனாலும் எட்டு வாரம் முடிவதற்குள் அந்தப் பெரியவர்கள் பாடத் தெரிந்தவர்களாகியிருக்க வேண்டும். எப்படி என்பதை அன்றாட வழிபாடு காட்டுகிறது.

சேவல் கூவுவதற்கு முன்பே உயிர்ப்பு ஆலயத்தின் கதவுகள் திறக்கப்படும். துறவியரோடு பொதுமக்களும், ஆண்களும் பெண்களுமாக, வந்து கூடுவார்கள். விடியும் வரை திருப்பாடல்களும் பாக்களும். ஒருவர் பாட, மற்றவர்கள் பதில் பாடுவார்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு செபம். மாலை நான்கு மணியளவில் விளக்கேற்றும் வழிபாடு. அப்போது திருத்தொண்டர் ஒருவர் வேண்டுதலுக்குரியவர்களின் பெயர்களைச் சொல்லச் சொல்ல, திரளாக நிற்கும் சிறுவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் ‘ஆண்டவரே, இரக்கமாயிரும்’ என்று கிரேக்கத்தில் முழங்குவார்கள். அந்தக் குரல்களுக்கு அளவே இல்லை என்கிறார் எகேரியா. வழிபாட்டில் மக்கள் சொல்லும் பதிலாக இந்த மன்றாட்டு இடம்பெறுவதைக் காட்டும் மிகப் பழைய சான்றுகளில் இதுவும் ஒன்று.

ஒருவர் நீண்ட பகுதியைப் பாட, கூட்டம் குறுகிய பல்லவியைத் திரும்பப் பாடும் முறை எழுத்தறியாதவரையும் முதல் நாளே பங்கெடுக்க வைக்கிறது. புத்தகம் வேண்டாம், இசைக்குறிப்பு வேண்டாம். இரண்டு முறை கேட்டால் மூன்றாம் முறை வாய் தானாக அசையும். நம்பிக்கை அறிக்கையைச் ‘சில வரிகளில்’ அடக்கியதும், வேண்டுதலுக்கு ஒரே ஒரு பதிலை வைத்ததும், திருப்பாடலுக்குப் பல்லவியை வைத்ததும் ஒரே கணக்கில் நடந்தவை: புத்தகமின்றி ஒருவர் வீட்டுக்குச் சுமந்து போகக்கூடிய அளவு எதுவோ அதுவே அன்றைய பாடத்தின் அளவு. எருசலேம் வகுப்பின் இரகசியம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதையே சொல்வேன். நம்பிக்கையும் செபமும் பாட்டும் அங்கே ஒன்றுசேர்ந்ததற்கு யாரும் அப்படித் திட்டமிட்டது காரணமல்ல. மூன்றையும் ஒரே வாய் சொல்ல வேண்டியிருந்தது.

காலை வகுப்பு முடிந்ததும் கூட்டம் அப்படியே கலைந்துவிடுவதில்லை. பாக்களைப் பாடிக்கொண்டே ஆயரை உயிர்ப்பு ஆலயத்துக்கு அழைத்துச் செல்வார்கள். மூன்று மணி நேரம் கேட்டுவிட்டு, பாடியபடி நடந்து, செபத்தில் போய் நிற்பார்கள். பாடல்களும் வாசகங்களும் செபங்களும் எப்போதும் அந்த நாளுக்கும் இடத்துக்கும் பொருந்தி வருவதுதான் தம்மை மிகவும் வியக்க வைத்தது என்று எகேரியா எழுதுகிறார். பாட்டைத் தேர்ந்தெடுப்பவரும் பாடத்தைத் தயாரிப்பவரும் ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமல் இப்படிப் பொருந்திவராது.

கிழக்கின் இந்தப் பாடும் முறை மேற்குக்குப் பரவியதற்கும் சாட்சி உண்டு. 386-இல் மிலான் நகரில் அரசவையின் நெருக்கடியால் மக்கள் ஆலயத்தில் தங்கி விழித்திருந்தபோது, துயரத்தில் சோர்ந்துவிடாமல் இருக்கக் கிழக்கு நாடுகளின் வழக்கப்படி பாக்களும் திருப்பாடல்களும் பாடத் தொடங்கினார்கள் என்று அகுஸ்தீன் நினைவுகூர்கிறார். மறு ஆண்டு அதே நகரில் ஆயர் அம்புரோசிடம் திருமுழுக்குப் பெற்றபோது, அந்தப் பாடல்களைக் கேட்டு அழுததையும் அவர் மறைக்கவில்லை.

பாட்டு விஷயத்தில் எருசலேமின் ஒரு குறையை மழுப்பக் கூடாது. பேயோட்டும் செபத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஆண்கள் கூடி உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம் என்கிறார் சிரில். பெண்கள் பாடினாலும் வாசித்தாலும் உதடு மட்டும் அசைய வேண்டும், பிறர் காதில் விழக் கூடாது என்கிறார். அதே ஊரின் விடியற்கால வழிபாட்டில் பெண்களும் பதில் பாடியதை எகேரியா பதிவு செய்திருக்கிறார். வழிபாட்டில் ஒலித்த குரல் பயிற்சி நேரத்தில் அடக்கப்பட்டிருக்கிறது. குரலால் கற்பிக்கும் ஒரு வகுப்பில் பாதிப் பேரின் குரலை அடக்குவது அந்த வகுப்பின் இயல்புக்கே முரண்.

மொழி

எருசலேம் மக்களில் சிலருக்குக் கிரேக்கமும், அரமேய வகை மொழியான சிரியாக்கும் தெரியும், சிலருக்குக் கிரேக்கம் மட்டும், சிலருக்குச் சிரியாக் மட்டும். ஆயருக்குச் சிரியாக் தெரிந்தும் கிரேக்கத்திலேயே பேசுவார். அருகில் எப்போதும் ஒரு குரு நின்று சிரியாக்கில் பெயர்ப்பார்; வாசகங்களும் அவ்வாறே பெயர்க்கப்படும். இலத்தீன் மட்டுமே அறிந்த பயணிகளுக்கு, கிரேக்கமும் இலத்தீனும் அறிந்த சகோதர சகோதரிகள் விளக்குவார்கள். தெரிந்த மொழியை ஆயர் ஏன் பேசவில்லை என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. மேலான மொழி, கீழான மொழி என்ற எண்ணத்தின் நிழல் அதில் இருக்கிறது. எனினும் மொழிபெயர்ப்பாளர் அங்கே இருக்கும்போது மட்டும் உதவும் ஆளாக இல்லை. வகுப்பின் நிலையான அங்கமாக நின்றார். யாருக்கும் புரியாமல் போய்விடக் கூடாது என்ற அக்கறை மெய்யானது.

அனுபவம் முன்னே, விளக்கம் பின்னே

ஏழு வாரம் கற்பித்த பிறகும் திருமுழுக்கின் உட்பொருளை ஆயர் சொல்ல மாட்டார். பாஸ்கா இரவில் நீரில் இறங்கி, நற்கருணை பெற்ற பிறகே, உயிர்ப்பு விழாவின் எட்டு நாட்களில் உயிர்ப்பு ஆலயத்தின் கதவுகளை அடைத்துக்கொண்டு, கல்லறைக் குகையின் அருகில் நின்று விளக்குவார். உள்ளிருந்து எழும் ஆர்ப்பரிப்பு வெளியே வரை கேட்கும் என்கிறார் எகேரியா. இயேசு கற்பித்த செபத்துக்கு வரிவரியான விளக்கமும் இங்குதான் வருகிறது. நற்கருணைக்கு அழைக்கும் திருப்பாடலைப் பாடகர் இனிய பண்ணில் பாடுவதை நீங்கள் கேட்டீர்கள் என்று நினைவூட்டி, அதன் பொருளையும் அதே உரை சொல்கிறது. அகுஸ்தீன் ஆயராக இருந்த ஹிப்போ நகரில் வழக்கம் வேறு: இயேசுவின் செபம் திருமுழுக்குக்கு முன்பே கற்பிக்கப்பட்டது. பெரியவர்கள் முதல் நாளிலிருந்தே செபிக்க வேண்டியவர்கள் என்பதால் இதில் நான் ஹிப்போவின் பக்கம்.

குறைகள் இன்னும் உண்டு. தன்னை அறிந்த சாட்சி இல்லாத அந்நியர் எளிதில் திருமுழுக்குப் பெற முடியாது. தினமும் மூன்று மணி நேரம் உழைப்பாளிக்கும் அடிமைக்கும் எளிதல்ல. எல்லாமே ஆயர் ஒருவரைச் சுற்றி அமைந்திருந்தது. சிரிலோ மூன்று முறை நாடுகடத்தப்பட்டவர்.

மீட்டெடுத்தபோது

குழந்தைத் திருமுழுக்கே பொது வழக்கமானபின் பெரியவர்களுக்கான இந்தப் பயிற்சி மங்கிப்போயிற்று. கத்தோலிக்கத் திருச்சபையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, பெரியவர்களுக்கான படிநிலைப் பயிற்சியை மீண்டும் கொண்டுவரப் பணித்தது. அதன்படி புதிய சடங்குமுறை 1972 ஜனவரி 6-இல் வெளிவந்தது. எருசலேமின் சாயல் அதில் தெளிவாகத் தெரிகிறது: தவக்காலத் தொடக்கத்தில் பெயர் பதிவு, மூன்றாம் வாரத்தில் நம்பிக்கை அறிக்கையையும் ஐந்தாம் வாரத்தில் (இது மட்டும் ஹிப்போவைப் போல) இயேசுவின் செபத்தையும் கையளித்தல், பாஸ்காவுக்குப் பிந்திய விளக்கக் காலம்.

சடங்கு மீண்டிருக்கிறது, பழக்கம் முழுவதும் மீளவில்லை. அறிக்கையை ஒப்புவிக்கும் சடங்குக்குப் புனித சனியன்று இடமிருந்தாலும், கையளித்தல் நடக்காதபோது அதுவும் விடுபடலாம். பாட்டு பாடகர் குழுவின் பொறுப்பாகவே நிற்கிறது. இப்படியொரு வகுப்பை நடத்த விரும்பும் ஆலயம் மூன்று மணி நேரத்தையோ ஏழு வாரத்தையோ நகலெடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் மூன்றே ஏற்பாடுகள் போதும்: அன்றைய பாடத்திலிருந்து மனப்பாடமாகச் சொல்ல ஒரு வரி, அதே வரியை மன்றாட்டாக மாற்றும் ஒரு பதில், அதே பொருளுடைய ஒரு பல்லவி. பல்லவியைப் பாடகர் குழு வரும் ஞாயிறு வழிபாட்டில் பாட வேண்டும், அப்போதுதான் வகுப்புக்கு வந்தவர் கூட்டத்தின் நடுவே தமக்குத் தெரிந்த ஒன்றைக் குரல் விட்டுப் பாடுவார். பாடம் எடுப்பவரும் பாடகர் குழுத் தலைவரும் வாரத்துக்கு ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து இந்த மூன்றையும் முடிவு செய்துவிட்டால், ஞானப்பெற்றோரை வகுப்புக்கு வரவழைக்கும் வேலை மட்டுமே மிஞ்சும். அதுதான் கடினமான வேலை; அதற்கு ஆயர் சிரிலின் கூட்டத்தில் பழைய கிறிஸ்தவர்களுக்கு இருந்ததைப் போல, அங்கே நின்றுகொண்டிருந்த ஞானப்பெற்றோருக்கும் இனி ஓர் இருக்கை போட்டு வைக்க வேண்டும்.